நான் வெட்டிய ஒன்பதாவது வசனம்

இது நடந்து மூன்று வருடமாகிறது. மாரி மழை ஓய்ந்தும் வாவித் தண்ணீர் வடியாமல் கலங்கிக் கிடந்த ஒரு தை மாதம். செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டு முற்றத்துக் கொட்டிலில், பின்னேரங்களில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இப்போதும் படிப்பிக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்தக் கரும்பலகைக்கு முன்னால் நின்ற ஆள் வேறு, இன்றைக்கு நிற்கிற ஆள் வேறு. ஏன் என்பதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. வீட்டுக்காரரிடம்கூடப் பாதிதான் சொன்னேன்.

நான் பாடசாலை ஆசிரியை அல்ல. நகரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்துவிட்டு, பிள்ளை பிறந்ததும் நின்றவள். அந்த வேலைக்கு முன்னால் இன்னொரு வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போயிருந்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மூன்று பேர் இருந்து கேள்வி கேட்டார்கள். பதற்றத்தில் ஒரு வசனத்தில் 'ஹீ டோன்ட்' என்று சொல்லிவிட்டேன். 'ஹீ டசின்ட்' என்று வந்திருக்க வேண்டும். நடுவில் இருந்தவர் நான் சொன்னதையே திரும்ப ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மற்ற இருவரும் சிரித்தார்கள். வேலை கிடைக்கவில்லை என்பதைவிட அந்தச் சிரிப்புத்தான் எனக்குள் தங்கியது. பஸ்ஸில் வரும்போது, இனி என் வாழ்நாளில் இந்தப் பிழை விடுவதில்லை, என் கண்ணெதிரே வேறு யாரையும் விடவிடுவதும் இல்லை என்று முடிவெடுத்தேன். வைராக்கியம் நல்லதுதான். ஆனால் அதற்குக் கண் கிடையாது என்று அப்போது தெரியவில்லை.

வகுப்பில் இருபத்திமூன்று பேர். தையல் வேலை செய்கிற பெண்கள், ஓட்டோ ஓட்டுகிறவர்கள், காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கிற ஒருவர், வெளிநாடு போகக் காத்திருப்பவர்கள் என்று பலவிதம். எல்லோரையும் எழுவாயும் வினையும் பொருந்துகிற பாடத்தில் மாதக்கணக்காகப் பிழிந்தெடுத்தேன். அவன், அவள், அது என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் வினையின் வாலில் ஓர் 'எஸ்' வர வேண்டும், அவ்வளவுதான் விசயம். "அவன் வந்தான், அவள் வந்தாள் எண்டு தமிழ்ல ஒரு நாளும் பிழைவிடாத நாக்குத்தானே, இங்கிலிஷில மட்டும் ஏன் வழுக்குது?" என்று கேட்பேன். என் முதுகுக்குப் பின்னால் 'எஸ் டீச்சர்' என்று எனக்குப் பட்டப்பெயர் இருந்தது. எனக்கு அது தெரியும். உள்ளூரப் பெருமையாகவும் இருந்தது.

அந்த வகுப்புக்கு வாவியின் மறுகரையிலிருந்து ஒருவர் வருவார். ஐம்பது வயதிருக்கும். மாரியில் வயல், கோடையில் செங்கல் அறுக்கிற வேலை. குருக்கள்மடத்துத் துறையில் 'பாதை' ஓடுகிறது. வாகனத்தையும் சனத்தையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவையை நாங்கள் பாதை என்றுதான் சொல்வோம். அதில் சைக்கிளை ஏற்றி இந்தக் கரைக்கு வந்து, மிதித்துக்கொண்டு வகுப்புக்கு வருவார். கடைசிப் பாதை ஆறு மணிக்கு. அதனால் வகுப்பு முடிந்ததும் முதலில் ஓடுகிறவர் அவர்தான். நான் அவரை அண்ணன் என்பேன். என்னைவிட மூத்தவராக இருந்தும் அவர் எனக்கு டீச்சர் என்றே மரியாதை வைத்தார்.

அவருடைய மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தார். மகளுக்குக் கலியாணம் பேசியாயிற்று, வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடில்லாமல் கலியாணம் இல்லை. வீடு லிண்டல் மட்டத்துக்கு வந்து நின்றது. மேலே கூரை போடத்தான் மனைவி போயிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும், அந்த வீட்டு மேடத்தின் மகளுடைய போனிலிருந்து பேசுவார். அந்த மகளுக்கு அரபும் ஆங்கிலமும் தெரியும். முதலில் அவள்தான் பேசுவாள், இவர் 'ஹலோ'வுக்கு மேல் ஒன்றும் பேசத் தெரியாமல் நிற்பார். "அந்தப் புள்ள என்னமோ அன்பாத்தான் கேக்குது டீச்சர், எனக்கு ஓம் எண்டு சொல்லவும் தெரியல்ல" என்றுதான் வகுப்பில் சேர்ந்தார்.

சேர்ந்த இரண்டாம் மாதம் ஒருநாள் பெருமழை. பாதை ஓடவில்லை. வகுப்பு வட்ஸ்அப் குழுவில் அவர் ஆங்கிலத்தில் எழுதினார்: 'ஐ இஸ் நாட் கம். ரெயின் ஆர் பிக்.' ஒவ்வொரு வினையும் தவறான ஆளோடு கைகோத்து நின்றது. நான் அதைப் படமெடுத்து, சிவப்பில் வட்டம் போட்டு, அதே குழுவில் திரும்பப் போட்டேன். கற்பிக்கத்தான். இருபது பேர் சிரிக்கிற முகம் போட்டார்கள். அவரும் ஒன்று போட்டார். அடுத்த வகுப்பில் வந்து, "இனி உங்களுக்குக் காட்டாம ஒரு சொல்லும் இங்கிலிஷில அனுப்பமாட்டன் டீச்சர்" என்றார். நான் அதை வகுப்பின் சட்டமாகவே ஆக்கிவிட்டேன். என் சிவப்புப் பேனையைத் தாண்டாமல் யாருடைய ஆங்கிலமும் வெளியே போகக் கூடாது. நேர்முகப் பரீட்சையில் என்னைப் பார்த்துச் சிரித்த அந்த மூன்று பேருக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அதற்கு முதல் வகுப்பில் வீட்டுப்பாடம் கொடுத்திருந்தேன். வீட்டிலுள்ள ஒருவரைப் பற்றி பத்து வசனம், எல்லாம் அவன் அல்லது அவள் என்று தொடங்க வேண்டும். வகுப்பு முடிந்து எல்லோரும் கொப்பிகளை மேசையில் அடுக்கிவிட்டுப் போனார்கள். அவர் மட்டும் போகவில்லை. கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர், இத மட்டும் ஒருக்கா இப்ப பாத்துத் தருவீங்களா?"

எனக்கு அன்றைக்குக் கோயிலில் பாட்டுக்குழுப் பயிற்சி. அடுத்த நாள் ஞாயிறு ஆராதனைக்கு இரண்டு புதுப் பாட்டு. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் அண்ணன். திங்கக்கிழம தாறன். நீங்க ஓடுங்க, பாதை போயிரும்" என்றேன்.

"ஓம் டீச்சர்" என்றார். கொப்பியை அடுக்கில் வைத்தார். அடியில் வைக்கவில்லை, மேலே வைத்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அவ்வளவுதான் நடந்தது. ஒரு நிமிடம்கூட இல்லை. நான் இருந்து, அந்த ஒரு பக்கத்தை வாசித்திருந்தால் எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொப்பிகளோடு உட்கார்ந்தேன். மேலே இருந்ததை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். நிறையச் சிவப்பு வேலை இருக்கும் போலிருந்தது. கடைசியில் பார்க்கலாம் என்று அடியில் வைத்தேன். இருபத்திரண்டு கொப்பி திருத்தி, இருபத்திமூன்றாவதாக அவருடையதற்கு வந்தபோது எனக்கு வசனம் தெரியவில்லை, வினையின் வால்தான் தெரிந்தது.

அவர் எழுதியிருந்ததன் பொருள் இதுதான். ஒன்று முதல் பத்து வரை இலக்கமிட்டு எழுதியிருந்தார். என் மனைவி உங்கள் வீட்டில் வேலை செய்கிறாள். அவள் ஐந்து மணிக்கு எழும்புகிறாள். அவளுக்கு நெஞ்சில் நோ இருக்கிறது. படி ஏறினால் நடுவில் உட்காருகிறாள். அவளுக்கு இடது கை விறைக்கிறது. அவள் உங்களிடம் சொல்லமாட்டாள். அவள் போனில் அழுகிறாள். அவள் உங்கள் அம்மாவை விரும்புகிறாள். தயவுசெய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அவளைத் திருப்பி அனுப்பிவிட வேண்டாம்.

இப்போது இதை வாசிக்கிற உங்களுக்கு ஒரு நொடியில் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. எட்டு வினைகளில் ஆறில் பிழை இருந்தது, திருத்தினேன். 'உங்கள் வீட்டில்' என்பதை 'ஒரு வீட்டில்' என்று மாற்றினேன், ஏனென்றால் பாடம் அவளைப் பற்றியது, உங்களைப் பற்றியதல்ல. அதே காரணத்துக்காக 'உங்களிடம்' என்பதை 'ஒருவரிடமும்' ஆக்கினேன். 'உங்கள் அம்மா'வை 'அந்த அம்மா' ஆக்கினேன். ஒன்பதாவது, பத்தாவது வசனங்களில் எழுவாயே இல்லை. இரண்டையும் குறுக்குக்கோடு போட்டு வெட்டினேன். பக்கத்தின் தலையில் 'இது கடிதம் அல்ல, வசனம்' என்று எழுதினேன். அதாவது அது கடிதம்போல இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கிறது. பத்துக்கு ஆறு போட்டேன். மற்றவர்களெல்லாம் என் மனைவி கறி சமைக்கிறாள், என் மகன் பந்து விளையாடுகிறான் என்று எழுதியிருக்க, இந்த மனிதன் என்ன இவ்வளவு துக்கமாக எழுதுகிறார் என்று ஒரு யோசனை வந்தது. அதற்கும் அடியில் ஒரு குறிப்பு எழுதினேன், தமிழிலேயே: 'சந்தோசமான விசயங்களும் எழுதலாமே!'

அந்த ஆச்சரியக்குறியை நான் மறக்கவில்லை.

திங்கட்கிழமை கொப்பிகளைக் கொடுத்தேன். அவர் தன்னுடையதை விரித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து மேசைக்கு வந்தார்.

"டீச்சர், இந்த ரெண்டு வரியையும் ஏன் வெட்டியிருக்கீங்க? அப்பிடி எழுதப்படாதா?"

"அதில ஆளே இல்லையே அண்ணன். இப்ப நம்மட பாடத்துக்கு அது வேணாம்" என்றேன், அடுத்தவருக்குக் கொப்பியை நீட்டிக்கொண்டே.

"அப்ப அப்பிடிக் கேக்கிறது மரியாத இல்லப்போல" என்று அவர் சொன்னது அரைவாசிதான் காதில் விழுந்தது. நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. ஒரு வகுப்பில் நூறு தடவை ஆட்டுகிற தலைதான் அது.

புதன்கிழமை வரும்போது ஒரு சட்டி எருமைத் தயிர் கொண்டுவந்தார். வாழையிலையால் மூடி, சைக்கிள் கரியரில் சாக்குச் சுற்றிக் கட்டி, பாதையில் சிந்தாமல் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். முகத்தில் அப்படி ஓர் ஆறுதல்.

"என்ன அண்ணன் விசேசம்?"

"சும்மாதான் டீச்சர். நீங்க திருத்தின மாதிரியே எழுதி அனுப்பினன். நல்ல இங்கிலிஷ் எண்டு பதில் வந்திரிக்கி. கட்டவிரல உசத்திக் காட்டியும் இரிக்கி. இனிப் பயமில்ல."

யாருக்கு அனுப்பினார், என்ன பயம் என்று நான் கேட்கவில்லை. 'நல்ல இங்கிலிஷ்' என்ற சொல் என் காதை நிறைத்துவிட்டது. குழுவில் வட்டம் போட்டுச் சிரிக்கவைத்த ஆளை இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டேனே என்ற பெருமை. அன்று அந்தத் தயிரில் கித்துள் பாணி ஊற்றி இரண்டு தரம் சாப்பிட்டேன். ருசியான தயிர்.

சனிக்கிழமை அவர் வரவில்லை. அவருடைய ஊரிலிருந்து வருகிற தையற்காரப் பெண் கொட்டில் வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"டீச்சர், அண்ணன்ட மனிசி தவறிப் போயிற்றாவாம். குவைத்தில. நேத்து விடிய."

"ஐயோ, என்ன வருத்தம்?"

"நெஞ்சு நோவாம். படியில ஏறக்குள்ள விழுந்தவவாம்."

வகுப்பு வைக்கவில்லை. ஏழெட்டுப் பேராகப் புறப்பட்டு மறுகரைக்குப் போனோம். பாதை வாவியின் நடுவுக்கு வந்தபோதுதான் அது எனக்குள் வந்தது. படி. இந்தப் படியை நான் எங்கோ வாசித்திருக்கிறேன். எங்கே? அந்தக் கேள்விக்குப் பதில் வர அதிக நேரம் எடுக்கவில்லை. நாலாவது வசனம். அதற்குப் பிறகு ஐந்தாவது வந்தது, இடது கை. பிறகு ஆறு, ஏழு என்று வரிசையாக வந்தன. ஒன்பதாவது வந்தபோது பாதையின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற தையற்காரப் பெண், "டீச்சர், தல சுத்துதா? இதுல குந்துங்க" என்று யாருடைய மோட்டார் சைக்கிளிலோ உட்காரவைத்தாள். ஒருவேளை அது உண்மையில் வெறும் வீட்டுப்பாடமாகவே இருக்கட்டும் கர்த்தாவே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். அதைவிடக் கேவலமான செபம் நான் செய்ததில்லை.

முற்றத்தில் நீலத் தறப்பாள் கட்டியிருந்தார்கள். உடல் வர எத்தனை நாளாகும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு கதிரையில் மனைவியின் படத்தை வைத்து விளக்கேற்றியிருந்தார்கள். படத்தில் கடவுச்சீட்டுக்கு எடுத்த முகம். முற்றத்தின் ஓரத்தில் லிண்டல் மட்டத்தில் நிற்கிற அந்த வீடு, கூரையில்லாமல். மகள் அதற்குள் ஒரு மூலையில் இருந்து அழுதுகொண்டிருந்தாள்.

அவர் எங்களைக் கண்டதும் எழுந்து வந்தார். அழவில்லை. கையில் போன் இருந்தது.

"டீச்சர், அந்தப் புள்ள எழுதியிரிக்கி. வாசிச்சிச் சொல்லுங்களன்."

மேடத்தின் மகள் நீளமாக எழுதியிருந்தாள். அவளுக்கும் ஆங்கிலம் தடுமாற்றம்தான். 'மை மதர் க்ரை. ஷீ டோன்ட் ஈட்' என்று எழுதியிருந்தாள். என் அம்மா அழுகிறார், சாப்பிடுகிறார் இல்லை. உங்கள் செய்தி வந்ததும் உங்கள் மனைவியிடம் போனைக் காட்டிக் கேட்டேன், நெஞ்சு நோ இருக்கிறதா என்று. அவர் சிரித்தார். என் கணவர் ஆங்கில வகுப்புக்குப் போகிறார், இது அவருடைய வீட்டுப்பாடம், நல்லா எழுதியிருக்கிறார்தானே என்று என்னிடம் பெருமையாகக் கேட்டார். நானும் நம்பிவிட்டேன். என்னை மன்னியுங்கள். கடைசியில் ஒரு வரி. 'வை யூ நாட் சே ப்ளீஸ் ஹொஸ்பிட்டல்.' ஏன் நீங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லி எழுதவில்லை?

முழுச் செய்தியிலும் ஒரு வினைக்குக்கூட எஸ் இல்லை. ஒரு சொல்கூட எனக்கு விளங்காமலும் இல்லை.

விரலை நகர்த்தி மேலே பார்த்தேன். அவளுடைய கட்டைவிரல் அடையாளம். அதற்கும் மேலே, திங்கட்கிழமை அவர் அனுப்பிய செய்தி. ஒன்று முதல் எட்டு வரை இலக்கமிட்ட வசனங்கள். 'உங்கள் வீடு' எங்குமே இல்லை. ஒன்பதும் பத்தும் இல்லை. ஒரு பிழைகூட இல்லை. யார் பார்த்தாலும் வீட்டுப்பாடம் என்றுதான் சொல்வார்கள். அந்த மனுசி தன் வருத்தத்தை ஒளித்துக்கொள்ள ஓர் இடம் தேடியிருக்கிறார். அந்த இடத்தை நான்தான் சிவப்புப் பேனையால் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

"என்ன டீச்சர் எழுதியிரிக்கி?"

சுற்றிலும் சனம். இருபது முப்பது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். அம்மா அழுகிறாவாம், சாப்பிடல்லையாம், கேட்டதுக்கு இவ ஒண்டுமில்ல எண்டு சிரிச்சவவாம், மன்னிக்கச் சொல்லிக் கேக்கிறா. அத்தோடு நிறுத்திவிட்டேன். கடைசி வரியைச் சொல்லவில்லை. அந்தத் துக்க வீட்டில், அந்த மனிதனின் முகத்துக்கு நேரே, நான் என்னைக் காப்பாற்றிக்கொண்டேன்.

அவர் போனை வாங்கிக்கொண்டார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்ல சனம் டீச்சர் அவங்க" என்றார். பிறகு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

உடல் வந்தபோதும் போனேன். ஒரு மூலையில் நின்றுவிட்டு வந்தேன். வகுப்பை இரண்டு கிழமை நிறுத்தினேன், காய்ச்சல் என்று பொய் சொன்னேன். பிறகு தொடங்கினாலும் சிவப்புப் பேனையைத் தொடாமல் கரும்பலகையில் மட்டும் படிப்பித்தேன். அவர் இனி வரமாட்டார் என்று ஒரு பக்கம் துக்கம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, இன்னொரு பக்கம் நிம்மதி.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து அடுத்த திங்கட்கிழமை, நாலு மணிக்கு, சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து தன் வழமையான இடத்தில் உட்கார்ந்தார். பாடம் முடியும்வரை எழுதிக்கொண்டிருந்தார். எல்லோரும் போனபிறகு கொப்பியோடு மேசைக்கு வந்தார். அன்றைக்கு அவர் பாதைக்கு அவசரப்படவில்லை.

அவர் வாய் திறப்பதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன். "அண்ணன், அண்டைக்கு அந்தப் புள்ள எழுதினதில நான் ஒரு வரிய உங்களுக்குச் சொல்லல்ல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லி ஏன் எழுதல்ல எண்டு கேட்டிருந்தா. நீங்க எழுதித்தான் இருந்தீங்க. நான்தான் வெட்டினன்."

அவர் கொப்பியின் ஓரத்தை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தார். செங்கல் மண் ஊறிய விரல்கள்.

"அத நான் அண்டைக்கே வாசிச்சிற்றன் டீச்சர். ஹொஸ்பிட்டல் எண்ட சொல்லு எனக்குத் தெரியாதா? நானே எழுதின சொல்லுதானே."

"மறுகா ஏன் என்னட்டத் தந்து வாசிக்கச் சொன்னீங்க?"

"எனக்கு விளங்கினது சரியா எண்டு பாக்கத்தான். நீங்க அந்த வரிய விட்டுற்று வாசிச்சீங்க. அப்பதான் சரி எண்டு தெரிஞ்சிது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு முன்னால் அழுகிற உரிமை எனக்கு இல்லை என்று தெரிந்தும் வந்தது. அவர் கொப்பியை மூடி மேசையில் வைத்தார். பிறகு, "அவ என்னட்டச் சொல்லி, ஒருத்தருக்கும் சொல்லப்படாது எண்டு சத்தியம் வாங்கினா. நான் என்ட புள்ளைக்கும் சொல்லல்ல. உங்கள்ட்டயாவது தமிழ்ல வாய் திறந்து சொல்லியிருக்கலாந்தானே. பிழையில்லாம எழுதணும் எண்டு நிண்டன். உங்கள மட்டும் சொல்லி என்ன" என்றார். ஆறுதலுக்காகச் சொன்ன மாதிரி இல்லை. பல நாள் தனக்குள் வைத்துப் பார்த்த கணக்கைச் சொன்ன மாதிரி இருந்தது. நான் அன்றைக்குக் கோயிலுக்கு ஓடியிருக்காவிட்டால் தமிழில் சொல்லியிருப்பாரோ என்னவோ. அதைக் கேட்க எனக்குத் துணிவில்லை.

பிறகு கொப்பியை விரித்து என் பக்கம் திருப்பினார். அந்தப் பிள்ளைக்கு எழுதிய பதில். மூன்றே வசனம். உன் அம்மாவைச் சாப்பிடச் சொல். என் மனைவி உன் அம்மாவை விரும்பினாள். கோபம் இல்லை. 'யுவர் மதர் ஈட் ரைஸ்' என்று தொடங்கி மூன்றிலும் பிழை இருந்தது. சிவப்புப் பேனை மேசையில் கிடந்தது. அவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"பிழை இரிக்கா டீச்சர்?"

"இரிக்கி அண்ணன். இரிக்கட்டும்."

"விளங்குமா?"

"விளங்கும்."

எனக்கு முன்னாலேயே போனை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அனுப்பினார். அந்த மூன்றாவது வசனம் குவைத்துக்கு மட்டுமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்கமாட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு நாலைந்து தடவை வந்தார், கோடை தொடங்கி செங்கல் வேலை வந்ததும் நின்றுவிட்டார். அந்த வீடு இன்னும் லிண்டல் மட்டத்திலேயே நிற்கிறது என்று தையற்காரப் பெண் சொன்னாள்.

எஸ் இன்னும் படிப்பிக்கிறேன். அதைப் படிப்பிக்காமல் விட்டால் என்னைப்போல ஒரு பிள்ளை எங்கேயாவது போய்ச் சிரிப்பு வாங்கிக்கொண்டு வரும். ஆனால் கொப்பி கைக்கு வந்தால் பேனையை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, முதலில் ஒருமுறை முழுதாக வாசிக்கிறேன், யார் யாருக்கு என்ன சொல்கிறார் என்று. சென்ற வருடம் வகுப்புக்கு வந்த ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பொறுமையான டீச்சரைத் தான் கண்டதில்லை என்று எல்லோருக்கும் முன்னால் பாராட்டினார், மறுநாள் நன்றிக்கு ஒரு சட்டி தயிரும் கொண்டுவந்தார். வாங்கி வைத்தேன். மூன்று வருடமாக எங்கள் வீட்டில் எல்லோரும் தயிர் சாப்பிடுகிறார்கள், என் கை மட்டும் அதை வாய்வரை கொண்டுபோவதில்லை, போகவும் வேண்டாம் என்றே நினைக்கிறேன்.